மாட்டுக்குப் போடுகிற ஊசியும் பாறுக் கழுகின் உயிரும்

கேள்வி: சத்தியமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு நாலு மாடு இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மாடு செத்தால் வானத்திலிருந்து பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாக இறங்கும். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, அவன் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. மாட்டுக்குப் போடுகிற டைக்ளோஃபெனாக் என்கிற வலி ஊசிதான் அவற்றைக் கொன்றது, அதை 2006-லேயே தடை செய்துவிட்டார்கள் என்கிறார்கள். அப்புறமும் ஏன் கழுகு திரும்பி வரவில்லை? எங்களைப் போல மாடு வைத்திருப்பவர்களால் ஏதாவது செய்ய முடியுமா? அவனுக்கு எங்கே காட்டலாம்?

பதில்:

முடியும். சொல்லப்போனால் மற்ற எல்லாரையும்விட உங்களால்தான் அதிகம் முடியும். வனத்துறை காட்டைக் காக்கலாம், கூடு கட்டுகிற மரத்தைக் காக்கலாம். ஆனால் இந்தப் பறவையைக் கொன்றது காட்டுக்குள் நடந்த எதுவும் இல்லை. மாட்டுக் கொட்டகையில் நடந்த ஒன்று. நான் கால்நடை மருத்துவராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன், பெரும்பாலும் மலையடிவார ஊர்களில். அந்த ஊசியை என் கையாலேயே போட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். பிணந்தின்னி என்று சொல்லும்போதே முகம் சுளிக்கத் தோன்றுகிறது. பாறு என்பது நம்முடைய பழைய சொல். சங்கப் பாடல்களில் பாறும் வருகிறது, எருவையும் வருகிறது. தமிழ்நாட்டில் இப்போதும் வாழ்கிற பாறுகள் நாலு வகை: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு. நீங்கள் சின்ன வயதில் பார்த்த கூட்டம் பெரும்பாலும் வெண்முதுகுப் பாறாகத்தான் இருக்கும். கூட்டமாக வந்து கூட்டமாகத் தின்கிற பழக்கம் அதற்கு. இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டர் அகலம் வரும், எடை ஐந்து கிலோவை ஒட்டி. ஒரு கூட்டம் இறங்கினால் ஒரு முழு மாடு ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாகிவிடும்.

தொண்ணூறுகளின் ஒரு ராத்திரி எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. கன்று போட்ட மூன்றாம் நாள் ஒரு கலப்பினப் பசு படுத்துவிட்டது. மடி கல்லாகக் கிடந்தது, காய்ச்சல் கொதித்தது. அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா கேட்டதே ஒரே கேள்விதான்: "ஏனுங்க டாக்டருங்க, காலையில எந்திரிச்சு நிக்குமுங்களா?" அந்த வீட்டுக்கு அந்த ஒரு மாடுதான் வருமானம். நோய்க்கிருமிக்கு ஒரு ஊசி, வலிக்கும் காய்ச்சலுக்கும் டைக்ளோஃபெனாக் ஒரு ஊசி. அப்போதுதான் அது கால்நடைகளுக்குப் பரவலாக வந்திருந்தது. விலையும் கம்மி. போட்ட ஒரு மணி நேரத்தில் மாடு தலையைத் தூக்கியது, விடிவதற்குள் எழுந்து நின்றது. இப்படி ஒரு மருந்தை எந்த டாக்டர் கொண்டாடாமல் இருப்பார்? நாங்கள் எல்லாரும் கொண்டாடினோம்.

அதே ஊரில் இன்னொரு வீட்டு மாடு பிழைக்கவில்லை. அதற்கும் அதே ஊசிதான். செத்ததை மறுநாள் காலையில் ஊருக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தில் இழுத்துப் போட்டார்கள். பத்து மணிக்கு மேல் பாறுகள் ஒவ்வொன்றாக இறங்கின. நான் வண்டியை நிறுத்தி நின்று பார்த்தேன், சந்தோஷமாகவே பார்த்தேன். அவை எதைத் தின்கின்றன என்று எனக்குத் தெரியாது. அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அந்த மருந்து பாறுக்குள் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். நமக்குச் சிறுநீரில் கரைந்து போகிற கழிவு, பறவைக்கு யூரிக் அமிலமாகப் போகும். எச்சத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான். டைக்ளோஃபெனாக் பாறின் சிறுநீரகத்தை ஓரிரு நாளில் செயலிழக்க வைக்கிறது. வெளியே போக வேண்டிய அமிலம் ரத்தத்திலேயே தேங்கி, உள்ளுறுப்புகளின் மேல் படிகமாக உறைகிறது. இப்படிச் செத்த ஒரு பறவையை அறுத்துப் பார்த்திருக்கிறேன். ஈரல் மேலேயும் இதயத்தை மூடிய சவ்வின் மேலேயும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பூச்சு. விரலால் தொட்டால் மாவு போல ஒட்டியது. இரைப்பையில் உணவு இருந்தது. பட்டினியால் சாகவில்லை, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் செத்திருந்தது. சாவதற்கு முன்னால் இவை கிளையில் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டே இருக்கும். மழையில் நனைந்த கோழி போல. தூங்குகிறது என்றுதான் தோன்றும்.

ராஜஸ்தானின் பரத்பூரில் பாறுகள் இப்படித் தலை தொங்கிச் சாவதை முதலில் கணக்கெடுத்துச் சொன்னவர் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ். தொற்றுநோயாக இருக்குமோ, பூச்சிக்கொல்லியாக இருக்குமோ என்று சில வருடம் தேடினார்கள். 2004-இல் லிண்ட்சே ஓக்ஸ் என்கிற அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர் தலைமையிலான குழு பாகிஸ்தானில் செய்த ஆய்வில்தான் டைக்ளோஃபெனாக் பிடிபட்டது. அதற்குள் எல்லாம் முடிந்த மாதிரி ஆகியிருந்தது. 1992-இலிருந்து 2007-க்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்துவிட்டது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. கருங்கழுத்துப் பாறு ஏறக்குறைய 97 சதவீதம் குறைந்தது. துப்பாக்கி எடுத்துக்கொண்டு வேட்டையாடியிருந்தால்கூட இவ்வளவு வேகமாக அழித்திருக்க முடியாது.

"எல்லா மாட்டுக்குமா ஊசி போட்டோம்?" என்று எங்கள் துறையிலேயே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விடை இரண்டு. ஒன்று, பாறு கூட்டமாகச் சாப்பிடுகிற பறவை. ஒரு விஷ மாடு ஒரே நாளில் ஐம்பது பறவையைச் சாய்க்கும். அதனால் நூறு சடலத்தில் ஒன்றில்கூட முழுதாக மருந்து இருக்க வேண்டியதில்லை, அதற்கும் கம்மியாக இருந்தாலே இந்த வேகத்தில் அழிந்துபோகும் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். இரண்டாவதை நான் என் அனுபவத்தில் சொல்கிறேன். நல்லா இருக்கிற மாட்டுக்கு யாரும் வலி ஊசி போடுவதில்லை. சாகக் கிடக்கிற மாட்டுக்குத்தான் போடுகிறோம். கடைசி நாளில், எதுவும் கேட்காதபோது, "வலியாவது குறையட்டும் சார்" என்று சொல்லிப் போடச் சொல்வார்கள். ஆகவே உயிரோடு இருக்கிற மாடுகளில் ஊசி போட்டவை எத்தனை என்று எண்ணினால் சொற்பம். செத்துக் கிடக்கிற மாடுகளில் எண்ணினால் கணக்கே வேறு. பாறு தின்பது இரண்டாவது வகையை மட்டும்தான்.

இதோடு அதன் பிறவிக் குணத்தையும் சேர்த்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. ஏறக்குறைய இரண்டு மாதம் அடைகாக்கும், அப்புறம் மூன்று நாலு மாதம் குஞ்சைக் கூட்டிலேயே வைத்து ஊட்டும். அந்தக் குஞ்சு வளர்ந்து ஜோடி சேர ஐந்து வருடம் ஆகும். கோழி மாதிரி, காக்காய் மாதிரி ஒரு பருவத்தில் இழந்ததை அடுத்த பருவத்தில் ஈடுகட்ட இதனால் முடியாது. "தடை போட்டு இத்தனை வருடம் ஆச்சே" என்று கேட்டீர்கள் இல்லையா, பாதி பதில் இதில் இருக்கிறது.

மீதிப் பாதி தடை போட்ட விதத்தில் இருக்கிறது. 2006-இல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் தயாரிப்பை நிறுத்தச் சொன்னார்கள். ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் ஊசி கடையில் இருந்தது. அதுவும் முப்பது மில்லி பாட்டிலில். மனிதனுக்கு ஒரு தடவை போடுவது மூன்று மில்லி. அப்படியானால் முப்பது மில்லி பாட்டில் யாருக்கு? மாட்டுக்குத்தான். எல்லாருக்கும் தெரிந்தே இது நடந்தது. 2015-இல்தான் மனித மருந்தையும் மூன்று மில்லி ஒற்றைக் குப்பியாக மட்டும் விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன, 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும் என்று சொன்னது. மாட்டின் எடைக்கு ஏற்ற அளவு எடுக்க ஒவ்வொரு குப்பியாக உடைத்துக்கொண்டிருக்க வேண்டும், செலவும் கூடும். அந்தச் சின்ன இடைஞ்சல் பெரிய வேலை செய்தது.

ஒரு மருந்து போனால் அதே குடும்பத்து இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும், அதுதான் எனக்கு ஆற்றாமையான விஷயம். அசிக்ளோஃபெனாக் வந்தது. மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது. பெயரை மாற்றிக்கொண்டு வந்த அதே விஷம். கீட்டோபுரோஃபென் வந்தது, அதுவும் கொல்லும் என்று 2009-க்குள் தெரிந்துவிட்டது. பங்களாதேஷ் அதை 2021-இல் நாடு முழுக்கத் தடை செய்தது. நம் நாட்டில் இந்த இரண்டும் கால்நடைகளுக்குத் தடையானது 2023 ஜூலையில். நிமசுலைடு 2024 டிசம்பரில். ஃப்ளூனிக்சினும் பாறுகளைக் கொல்கிற மருந்துதான். கொல்லும் என்று தெரிந்த நாளுக்கும் தடை வந்த நாளுக்கும் நடுவில் போன பதினாலு வருடம் அந்தப் பறவையிடம் மிச்சமில்லை. புது வலிமருந்து எதுவாக இருந்தாலும் பாறுக்குப் பாதுகாப்பானதா என்று சோதித்துவிட்டுத்தான் கால்நடைக்கு அனுமதிக்க வேண்டும். விற்கவிட்டு, செத்தபிறகு எண்ணிக்கொண்டிருப்பது முறையே இல்லை.

இனி உங்கள் நாலு மாட்டுக்கு வருவோம்.

பாதுகாப்பான மருந்து இருக்கிறது. மெலோக்சிகம். பாறுகளுக்குக் கொடுத்துச் சோதித்து, ஒன்றும் ஆகவில்லை என்று 2006-இலேயே உறுதி செய்தார்கள். பின்னால் டோல்ஃபெனமிக் அமிலமும் அந்த வரிசையில் சேர்ந்தது. மாட்டுக்கு இரண்டுமே நல்ல மருந்துகள். "மெலோக்சிகம் அவ்வளவு சுருக்காக் கேக்காதுங்க" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் டைக்ளோஃபெனாக்கையும் மெலோக்சிகத்தையும் வருடக்கணக்கில் போட்டுப் பார்த்தவன். அளவைச் சரியாக, மாட்டின் எடைக்குத் தகுந்தபடி போட்டால் கேட்கும். கேட்காத இடங்களில் பெரும்பாலும் அளவைக் குறைத்துப் போட்டிருப்பார்கள், அல்லது அடிப்படை நோயைக் கவனிக்காமல் வலி ஊசியை மட்டும் போட்டிருப்பார்கள். மடிநோய்க்குப் பாலைப் பீய்ச்சி வெளியேற்ற வேண்டும், கிருமிக்கு மருந்து கொடுக்க வேண்டும். வலி ஊசி துணைக்கு மட்டும்தான்.

ஊசி போட வருகிறவர் யாராக இருந்தாலும், குப்பியை வாங்கிப் பாருங்கள். முன்னால் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விடுங்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், அதைப் படியுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் உங்கள் மகனைப் படிக்கச் சொல்லுங்கள், ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு அது பெரிய வேலையா? ஒரே குப்பியில் இரண்டு மருந்து கலந்ததும் வரும், இரண்டு பெயரையும் பார்க்க வேண்டும். மெலோக்சிகம் என்றால் சரி. டைக்ளோ, அசிக்ளோ, கீட்டோ, நிமசு, ஃப்ளூனிக்சின் என்று ஆரம்பித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் கேட்கலாமா என்று தயங்காதீர்கள். மாடு உங்களுடையது, காசு உங்களுடையது. கேட்டால் நல்ல டாக்டர் சந்தோஷப்படுவார்.

அரசு மருந்தகத்தை விட எனக்குக் கவலை தருவது ராத்திரி பதினொரு மணிதான். அந்த நேரத்தில் டாக்டர் கிடைக்க மாட்டார். பக்கத்து ஊரில் ஊசி போடத் தெரிந்த ஒருவர் பையோடு வருவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அந்த நேரத்துக்கு வருகிறவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் பையில் என்ன இருக்கிறது என்பது மருந்துக் கடைக்காரர் எதைக் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. பணியில் இருந்தபோது ஒரு கடையில் நானே போய்ப் பேர் சொல்லாமல் "மாட்டுக்கு வலி ஊசி" என்று கேட்டேன். மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் குப்பிகளை ஒரு கைப்பிடி எடுத்து வைத்தார்கள், சீட்டுகூடக் கேட்கவில்லை. ஊரில் நாலு பேர் சேர்ந்து பால் சொசைட்டியில் ஒரு வார்த்தை சொல்லி, சொசைட்டியிலேயே மெலோக்சிகம் இருக்கும்படி டாக்டரோடு பேசி ஏற்பாடு செய்துகொண்டால், அந்த ராத்திரிப் பையும் மாறிவிடும். கடையில் தடை செய்த மருந்து விற்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதிப் போடலாம். நடவடிக்கை எடுக்கிறார்கள், எடுத்திருக்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து இயங்குகிற அருளகம் என்கிற அமைப்பு இந்த ஊர்களில் பல வருடமாக இதே வேலையைச் செய்துவருகிறது, பாரதிதாசன் என்பவர் நடத்துகிறார். உங்கள் ஊரில் ஒரு கூட்டம் போட வேண்டுமென்றால் அவர்களைக் கேளுங்கள்.

சரி, மாடு செத்துவிட்டால்? வலி ஊசி எதுவும் போடாமல், அல்லது மெலோக்சிகம் மட்டும் போட்டு, நோய்த்தொற்று இல்லாமல் இயல்பாகச் செத்த மாடு பாறுக்கு நல்ல சாப்பாடு. காட்டோரத்தில் அதற்கென்று வனத்துறை இடம் ஒதுக்கியிருந்தால் அங்கே கொண்டு போகலாம், நீங்களாகக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். ஆகாத மருந்து போட்டுச் சில நாளுக்குள் செத்த மாடு என்றால் ஆழமாகப் புதைக்க வேண்டும், நாய் தோண்ட முடியாத அளவுக்கு. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) மாதிரித் தெரிந்தால், அதாவது திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருப்பு ரத்தம் வந்தால், தொடவே கூடாது. அறுக்கக் கூடாது, உரிக்கக் கூடாது. டாக்டருக்குச் சொல்லிவிட்டுச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். பாறின் வயிற்று அமிலத்துக்கு அந்தக் கிருமியை அழிக்கும் சக்தி இருக்கிறது. நமக்கு இல்லை, உங்கள் மற்ற மூன்று மாட்டுக்கும் இல்லை.

நேபாளத்தில் பித்தௌலி என்கிற ஊர் மக்கள் ஒன்று செய்தார்கள். பால் வற்றிய, வேலைக்கு ஆகாத கிழட்டு மாடுகளை வாங்கிக் கட்டி, கடைசிக் காலம் வரை தீனி போட்டுக் காப்பாற்றுகிறார்கள். அது இயல்பாகச் செத்தபிறகு பாறுகளுக்கு வைக்கிறார்கள். ஜடாயு உணவகம் என்று அதற்குப் பெயர். சுற்றுவட்டாரத்தில் கெட்ட மருந்தை ஒழித்ததும் இதுவும் சேர்ந்து அங்கே பாறு எண்ணிக்கை மறுபடி ஏறியிருக்கிறது. சீதைக்காகச் சிறகறுபட்டு விழுந்த ஜடாயுவைக் கும்பிடுகிற நாம் இதைச் செய்ய முடியாதா என்று அடிக்கடி நினைப்பேன். திருக்கழுக்குன்றத்தில் மதியம் இரண்டு கழுகு வந்து குருக்கள் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்றதை என் அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார். மஞ்சள்முகப் பாறு அது. தொண்ணூறுகளின் கடைசியில் வருவது நின்றுவிட்டது. ஊர்ப் பேரில் மட்டும் கழுகு இருக்கிறது.

மருந்துக்கு அடுத்த ஆபத்து, என்னைப் பொறுத்தவரை சமமான ஆபத்து, சடலத்தில் விஷம் வைப்பது. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால் கோபத்தில் மிச்ச உடம்பில் பூச்சிமருந்தைத் தெளித்து வைத்துவிடுகிறார்கள். 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சி பக்கம் இரண்டு புலி இப்படித்தான் செத்தது. புலி திரும்பி வருவது ராத்திரியில். பாறு பகலிலேயே வந்துவிடும். 2022 மார்ச்சில் அசாமில் சாய்கான் அருகே ஒரே இடத்தில் நூறை ஒட்டிப் பாறுகள் செத்துக் கிடந்தன, நாய்க்கு வைத்த விஷ இறைச்சியைத் தின்று. ஒரு முட்டை, ஐந்து வருடம் என்று சொன்னேனே, அந்தக் கணக்கில் நூறு பறவை என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். மாட்டை இழந்தவனுடைய கோபம் எனக்குப் புரிகிறது, அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவன் அழுததைப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு இழப்பீடு ஒரு வாரத்தில் கைக்கு வந்தால் விஷப் பாட்டிலை எடுக்க மாட்டான். ஆறு மாதம் அலைய விட்டால் எடுப்பான். உங்கள் ஊரில் யார் மாட்டையாவது புலி அடித்தால், அன்றைக்கே வனவருக்குச் சொல்லி, போட்டோ எடுத்து, மனு எழுதிக் கொடுத்து உதவுங்கள். பாறுகளைக் காப்பாற்றுவதில் அந்த மனு எழுதுவதும் ஒரு பெரிய வேலை.

மின்கம்பியில் அடிபடுவது, கூட்டு மரத்துக்கு அடியில் போய்க் கூச்சல் போடுவது, ட்ரோன் விடுவது, ஆற்றோர மரங்களை வெட்டுவது, தீ, இதெல்லாமும் உண்டு. ஆனால் ஊசியும் விஷமும் நின்றால் இவற்றைப் பறவை தாக்குப்பிடித்துவிடும். அந்த இரண்டும் நிற்காமல் இவற்றை மட்டும் சரி செய்து பிரயோசனம் இல்லை.

தமிழ்நாட்டில் வேறு எங்கேயும் இவ்வளவு இல்லாமல் நீலகிரி அடிவாரத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மட்டும் எப்படி மிச்சம் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே பாறுகள் பெரும்பாலும் தின்பது காட்டு மிருகம். செந்நாய் அடித்த மான், புலி அடித்த கடமான், காட்டெருமை. அவற்றுக்கு யாரும் ஊசி போடுவதில்லை. ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது, பாறை முகட்டில் கருங்கழுத்துப் பாறு. ஆனால் காடு அதற்கு வேலி இல்லை. ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் போய்வருகிற பறவை. காலையில் மோயாற்றில் கிளம்பியது மத்தியானம் உங்கள் ஊர்த் தோட்டத்தின் மேல் இருக்கலாம். அதனால்தான் கூட்டைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குக் கெட்ட மருந்தே இல்லாத பகுதியாக்க வேண்டும் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். சத்தியமங்கலம் அந்த வட்டத்துக்குள் வருகிறது. உங்கள் கொட்டகையும்தான்.

தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் சேர்ந்து ஒரே சமயத்தில் எண்ணியபோது 2023 பிப்ரவரியில் 246 பாறுகள், அதே வருடம் டிசம்பரில் 320. கூடிவிட்டது என்று உடனே கைதட்ட வேண்டாம். பத்து மாதத்தில் 74 குஞ்சு வளர்ந்து வந்துவிடாது, எண்ணிய இடமும் பருவமும் மாறினாலே எண்ணிக்கை மாறும். ஆனாலும் அங்கே இன்னமும் கூடு கட்டுகின்றன, குஞ்சு பொரிக்கின்றன. அது நிஜம். ஹரியானாவின் பிஞ்சோரில் கூண்டில் வளர்த்துக் காட்டில் விடுகிற வேலையும் நடக்கிறது, 2020-இல் எட்டு வெண்முதுகுப் பாறுகளை விட்டார்கள். கூண்டில் வளர்த்து விடுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெளியே வருகிற பறவை எந்த மாட்டைத் தின்னப் போகிறது என்பதுதான் என் கவலை.

பறவைக்காக மனிதன் ஏன் மெனக்கெட வேண்டும் என்று உங்கள் ஊர்க் கூட்டத்தில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். பாறு போனபிறகு செத்த மாட்டைத் தின்ன நாய்தான் வந்தது. நாய் பெருகியது, வெறிநாய்க்கடி பெருகியது, அழுகிய சடலத்தின் தண்ணீர் குளத்திலும் கிணற்றிலும் கலந்தது. 2024-இல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு, பாறுகள் மறைந்ததால் இந்தியாவில் 2000 முதல் 2005 வரை சுமார் ஐந்து லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று கணக்கிட்டது.

உங்கள் மகன் விஷயம். மசினகுடியிலிருந்து மோயாறு போகிற சாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விடிகாலையில் போய்க் காத்திருக்க வேண்டியதில்லை. பாறு சிறகடித்துப் பறக்கிற பறவை இல்லை, தரை சூடாகி அனல் மேலே எழும்பினால்தான் கிளம்பும். ஒன்பதரை, பத்து மணிக்கு வண்டியை ஓரம் கட்டிவிட்டு, காட்டுக்குள் இறங்காமல், வானத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். பருந்தென்றால் வால் கவைபோல் பிளந்திருக்கும். பாறு அதைவிட எவ்வளவோ பெரிது, பலகை மாதிரி அகலமான இறக்கை, நுனியில் விரல் விரித்தது போல இறகுகள், அசைவே இருக்காது. தலை சிவப்பாக, தொடைப்பக்கம் வெள்ளைத் திட்டோடு தனியாக வந்தால் செம்முகப் பாறு. இறக்கையின் அடிப்பக்கம் முன்பாதி வெள்ளையும் பின்பாதி கருப்புமாக இருந்தால் வெண்முதுகுப் பாறு, பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருங்கள். வட்டமடிக்கும்போது ஒரு சமயம் சாய்ந்து திரும்பும், அப்போது முதுகின் வெள்ளை வெயிலில் ஒரு நொடி பளிச்சென்று தெரியும். பைனாகுலர் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று அங்கே யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் தாய் எழுந்து போய்விடும், குஞ்சு வெயிலில் காயும்.